பீளமேட்டுச் சிறுத்தைக்குச் சான்று கொடுத்தது யார்?

டீனா மாடிப்படி ஏறி வந்தபோது பாலகோபால் ஒரு வடையைப் பாதி கடித்திருந்தார். அவள் சொன்ன முதல் வாக்கியத்தைக் கேட்டதும் மீதியைத் தட்டில் வைத்துவிட்டார். அந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வடையை மீதி வைத்தது இதுவே முதல் முறை.

“நேத்து சாயங்காலம் நான் ஒரு பொய்யை நெசம்னு அறிவிச்சிருக்கேனுங்க. ஆனா நான் அறிவிக்கலைங்க.”

காந்திபுரத்து அலுவலகம் அருள்செல்வியுடையது. ஒரு நிறுவனத்தின் கணினிகளில் யார் எந்தக் கதவைத் திறக்கலாம், திறக்கக்கூடாதவர் எப்படித் திறந்தார் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். அதிர்ந்து பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து அதிர்வதற்காகத்தான் பாலகோபால் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இன்சூரன்ஸ் விற்பதை விட்டுவிட்டு வந்தவர். எல்லாரும் ஒருநாள் செத்துப்போவார்கள் என்று ஊரை நம்பவைத்த மனிதர், இப்போது எல்லாருமே குற்றவாளிகள் என்று தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

டீனா ‘நெசமாங்க’ இணையதளத்தின் ஆசிரியர். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைக் கொங்குப் பக்கத்து ஆட்கள் கூடிச் சரிபார்க்கும் தளம் அது. அங்கே ஆளுக்கொரு எல்லை உண்டு. பங்களிப்பாளர் சந்தேகமான செய்தியைக் கொண்டுவந்து போடலாம், அவ்வளவுதான். சரிபார்ப்பாளர் ஆதாரம் தேடிக் குறிப்பு எழுதி, முடிவைப் பரிந்துரைக்கலாம். ஆசிரியர் குறிப்பைத் திருத்தலாம், முத்திரையை மாற்றலாம், வெளியிடலாம். நிர்வாகி யாருக்கும் எந்தப் பதவியும் கொடுக்கலாம். ஆனால் தானாக ஒரு வரிகூட வெளியிட முடியாது.

இத்தனை காவலையும் தாண்டித்தான் சிறுத்தை உள்ளே வந்திருந்தது. பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்தில் சிறுத்தை நிற்பதாக ஒரு படம். அது வால்பாறை எஸ்டேட் ஒன்றில் என்றோ எடுத்த படம் என்று சரிபார்ப்பாளர் மேக்னா கண்டுபிடித்து, ‘பொய்’ என்று பரிந்துரைத்துவிட்டாள். நேற்று மாலை அதே படம் ‘நெசம்’ என்ற பச்சை முத்திரையோடு, டீனாவின் பெயரில் வெளிவந்தது. டீனா அப்போது வால்பாறையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் இருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் போனுக்கு டவரும் இல்லை, அவள் வயிற்றுக்கு நிம்மதியும் இல்லை.

ராத்திரியே கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். இன்று நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. மாணவர் சங்கம் சிறுத்தைக்கு நன்றி தெரிவித்தது. வனத்துறை கூண்டு வைத்து உள்ளே ஓர் ஆட்டைக் கட்டியது. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆட்டிடம் மட்டும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இன்று கூட்டம் போட்டு டீனாவின் ஆசிரியர் பதவியை எடுக்கப்போகிறார்கள். அப்படி எடுத்தால், அவள் இதுவரை வெளியிட்ட அத்தனை முடிவுகள் மேலும் ‘மறுபரிசீலனையில்’ என்ற பட்டை தானாக விழும். விதி அப்படி.

“பதவி போனாப் போகட்டுங்கக்கா. வெள்ளகோவில்ல கருப்புசாமின்னு ஒருத்தர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு. பிள்ளை புடிக்கறவர்னு போட்டோவோட கிளப்பி உட்டுட்டாங்க. ஊட்டு முன்னாடி கட்டையோட கூட்டம் நின்னுச்சு. பொய்னு நான் போட்ட முத்திரையைக் காட்டித்தான் போலீஸ் கலைச்சு உட்டாங்க. அது மேல பட்டை விழுந்தா மறுபடி வந்து நிப்பாங்க.”

அருள்செல்வி கைப்பையை எடுத்தாள். பாலகோபால் அதற்குள் ஸ்கூட்டர் சாவியோடு படியில் இருந்தார்.

*

‘நெசமாங்க’ அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கீழே முகூர்த்தம். தெருவில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. பக்கத்துக் கல்லூரி மைதானத்துக்குப் போகச் சொல்லிக் கைகாட்டினார்கள். அங்கே, எந்த மைதானத்தில் சிறுத்தை திரிவதாக ஊரே ஓடியதோ அதே மைதானத்தில், தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டாரின் கார்கள் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் வரிசை பிசகாமல் நின்றன. ஒரு மூலையில் கூண்டு. ஆடு கார்களை வேடிக்கை பார்த்தது.

சிறுத்தை பகலில் வராதாம், காவலாளி விளக்கினார்.

அருள்செல்வி குனிந்து சுண்ணாம்புக் கோடு ஒன்றை விரலால் தொட்டாள். பொடியாக ஒட்டவில்லை, பொருக்காக இறுகியிருந்தது. மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். கடைசியாக எப்போது மழை என்று காவலாளியைக் கேட்டாள். நேற்று மத்தியானம் ஒரு பாட்டம் கொட்டியது, அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை என்றார். அவள் சிறுத்தையின் காலடியைத் தேடுகிறாள் என்று நினைத்து, பாலகோபாலும் ஒத்தாசையாகக் குனிந்து தேடினார். அவருக்கு ஒரு பிஸ்கட் கவர் கிடைத்தது.

டீனா அவர்களை மாடிக்கு அழைத்துப்போனாள். அங்கே நாலு பேர் காத்திருந்தார்கள். தலைவர் நரசிம்மலு, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தளத்தை எழுதிய நிர்வாகி கதிர். சரிபார்ப்பாளர் மேக்னா. நாலாவது ஆள் மண்டபத்துக்குச் சொந்தக்காரர் சென்னியப்பன். இந்த அறையைத் தளத்துக்கு ஒதுக்கித் தந்தவர். கல்யாண வேலைக்கு நடுவிலும் நெற்றிச் சந்தனத்தோடு ஏறி வந்து, எல்லாருக்கும் லட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“பாவம், சின்னப் பொண்ணுங்க. பெருசு பண்ணாம முடிச்சு உட்ருங்க,” என்றார்.

விசாரணை தன் கையில்தான் என்று பாலகோபால் முடிவு செய்துகொண்டார். முதலில் கதிரைப் பிடித்தார். சாவிக்கொத்தே அவனிடம் இருக்கிறதே. நிர்வாகி தனக்கு ஆசிரியர் பதவி கொடுத்துக்கொண்டால் அந்த நொடியே எல்லாருக்கும் மெயில் போய்விடும் என்றான் கதிர். அப்படி எதுவும் வரவில்லை என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். டீனாவின் கணக்குக்குள் நேற்று யாரும் நுழையவும் இல்லை என்று கணினிப் பதிவைக் காட்டினான். ஆனால் முடிவு அவள் பெயரில் வெளிவந்திருந்தது. பாலகோபாலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூட்டிய வீட்டுக்குள் திருட்டு.

அவர் மேக்னா பக்கம் திரும்பினார். ஆசிரியர் பதவி மேல் ஆசை உண்டா என்று கேட்டார்.

“உண்டுங்க,” என்றாள் மேக்னா. “அதுக்காக நான் ராவெல்லாம் உக்காந்து கண்டுபுடிச்சதை நானே பொய்யாக்குவனா? உங்களுக்கு லட்டு வேணும்னா எடுத்துக்கங்க. வேற கேள்வி வேண்டாம்.”

பாலகோபால் லட்டு எடுத்துக்கொண்டார். அருள்செல்வி இதெல்லாம் நடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதவிகளின் அட்டவணைக்குப் பக்கத்தில் தொடக்க விழாப் படம் மாட்டியிருந்தது. பொன்னாடையோடு சென்னியப்பன் ஒரு டேப்லெட்டில் விரல் வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் தளத்தின் முதல் முடிவு. அதன் கீழே, ‘வெளியிட்டவர்: டீனா’.

பிறகு அவள் கணினியில் சிறுத்தைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அடிவரை வாசித்தாள்.

“பாலண்ணா, திருடன் எதைத் தொட்டான்னே பாக்கறீங்க. எதைத் தொடலைன்னு பாருங்க.”

மேலே பச்சை முத்திரை, ‘நெசம்’. கீழே மேக்னாவின் குறிப்பு அப்படியே இருந்தது: இது வால்பாறையில் எடுத்த பழைய படம். பச்சையைப் பார்த்ததும் ஊர் ஓடிவிட்டது. கீழே இறங்கி வாசித்தவர் ஒருவரும் இல்லை; கல்லூரி முதல்வர் உட்பட.

“தெரிஞ்சே பொய்யைப் போடறவர் அந்தக் குறிப்பையும் அழிச்சிருப்பாரு. ஆசிரியரா இருந்தா ஒரு நிமிச வேலை. அழிக்கலைன்னா, அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. முத்திரையை மாத்தலாம், வெளியிடலாம், எழுத்தை மட்டும் தொட முடியாது. சுவத்துல இருக்கற அட்டவணைல அப்படி ஒரு பதவி இல்லைங்க. அட்டவணைல எழுதாத பதவி ஏதாச்சும் இருக்குதுங்களா, கதிர்?”

கதிர் முகம் லட்டு நிறத்துக்கு வந்தது. விழாவில் முதல் முடிவைச் சிறப்பு விருந்தினர் கையால் வெளியிடவேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். அதற்காக ‘கௌரவ ஆசிரியர்’ என்று ஒரு பதவி செய்தான். பெரியவரை எழுதச் சொல்லிச் சிரமப்படுத்தக்கூடாது என்று எழுத்து வேலையை எடுத்துவிட்டான். முத்திரையும் வெளியீட்டுப் பொத்தானும் மட்டும் வைத்தான். பொறுப்பு அவர் தலையில் விழக்கூடாது என்று, வெளியிட்டவர் பெயர் ஆசிரியர் பெயராக விழும்படி செய்தான். அந்த டேப்லெட்டையும் நினைவுப் பரிசாக அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

“விழா முடிஞ்சதும் எடுத்திருக்கணுமுங்க,” என்றான். “கொடுத்த மரியாதையை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு உட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.”

எல்லார் கண்ணும் சென்னியப்பன் மேல் போனது. அந்த டேப்லெட்டில் தன் பேரன் ஏதோ கார் ஓட்டி விளையாடுகிறான், கை தவறி அமுக்கியிருப்பான் என்றார் அவர். பேரனை உடனே கொண்டுவர வேண்டும் என்றார் பாலகோபால். பேரன் பால்வாடிக்குப் போகிறவன் என்று தெரிந்தது.

“மைதானத்துல காருக்குக் கோடு போட்டது உங்க ஆளுங்கதானுங்களே?” என்று கேட்டாள் அருள்செல்வி.

“ஆமாம் அம்மணி. ராத்திரி லீவு உட்டாங்கன்னு தெரிஞ்சதும் கல்லூரில கேட்டு, காத்தால வெள்ளென ஆளை உட்டுப் போட்டேன்.”

“அந்தக் கோடு பூரா மழை குத்துன குழிங்க. மழை பேஞ்சது நேத்து மத்தியானம். அப்ப இந்தப் பச்சை முத்திரை விழவே இல்லை. லீவும் இல்லை. மைதானம் இன்னைக்குக் காலியா இருக்கும்னு அந்த நேரத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். அதே சமயம் கீழே கெட்டிமேளம் அடித்தது. தாலி ஏறி முடியும்வரை ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கவில்லை. பாலகோபால் தன்னை மறந்து லட்டுத் துகளை அட்சதையாகத் தூவிவிட்டார்.

மேளம் ஓய்ந்ததும் சென்னியப்பன் மெதுவாகச் சொன்னார். தேர்வு நடக்கிறது, வண்டி விட முடியாது என்று கல்லூரியில் கையை விரித்துவிட்டார்கள். தாராபுரத்திலிருந்து அத்தனை காரில் சம்பந்தி வீடு வருகிறது. நிறுத்த இடமில்லாமல் அவர்கள் முகம் சுளித்தால் மண்டபத்தின் பேர் என்னாவது.

“சிறுத்தையை நான் உடலைங்க. அது பாட்டுக்கு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நான் பச்சையை அமுத்துனேன், அவ்வளவுதான். ஒரு நாளைக்குத்தானேன்னு செஞ்சுபோட்டேன். அம்மணிக்குத் தலைவர் ஒரு வார்த்தை திட்டுவாரு, சரியாயிரும்னு நெனச்சேன்.”

டீனா அவருக்குக் கருப்புசாமியைப் பற்றிச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கட்டைகளைப் பற்றியும், உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி மாசாணியம்மாளைப் பற்றியும் சொல்லி முடித்தபோது சென்னியப்பன் லட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் அன்றைக்கு மிகவும் கஷ்டமான கட்டம். கௌரவ ஆசிரியர் பதவியை நீக்கவேண்டும். கதிர் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, பெரியவர் முன்னாடியே எப்படிங்க என்றான். நரசிம்மலு அவரைக் கொஞ்சம் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்படி உபசரித்தார். மேக்னாகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அமுத்து கண்ணு,” என்றார் சென்னியப்பன். “நானே பாக்கறேன்.”

பதவி போனது. டீனா உட்கார்ந்து சிறுத்தைக்குச் சிவப்பு முத்திரை வைத்து, யார் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி, தன் பெயரில் வெளியிட்டாள். அதைச் சென்னியப்பனும் வாசித்துப் பார்த்துத் தலையசைத்தார். நரசிம்மலு கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்.

டீனா கருப்புசாமியைப் போனில் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. அவள் முகம் இறுகுவதைப் பார்த்து, பாலகோபால் வெள்ளகோவிலுக்கே ஸ்கூட்டரை விடலாமா என்று யோசித்தார். கடைசியில் யாரோ எடுத்தார்கள். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். ஒரே இரைச்சல், யாரோ யாரையோ ஜன்னல் சீட்டிலிருந்து தள்ளுகிறார்கள்.

“மாமா வண்டி ஓட்டறாருங்க,” என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். “ஓட்டறப்ப பேசமாட்டாராமுங்க. எங்களையெல்லாம் ஸ்கூல்ல உட்டுட்டு அப்புறம் பேசறாராம்.”