மூன்றாம் நம்பர் லாரி

எஞ்சினைக் கழற்றி ஒரு வருடமான லாரியின் பானெட் சுட்டது. சாம்ராஜ் வெடுக்கென்று கையை எடுத்தான். வெயில்தான் காரணம் என்று சொல்லவும் வழியில்லை. காலையிலிருந்து தூறல், சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கினான். எஞ்சின் இருந்த பள்ளத்தில் நாலு சருகும் ஓர் ஓணானும் கிடந்தன. "சனியன்" என்று சொல்லி மூடினான்.

கோரமண்டல் குடியிருப்பிலிருந்து கராஜின் பழைய வேனை எடுத்துக்கொண்டு, தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிப் போகும் மண்பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் இதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. சுரங்கக் கம்பெனி ஒதுக்கித் தள்ளிய லாரிகள் எந்த முள்புதரில் கிடந்தாலும் தேடிப்போய்ப் பெட்டி கேமராவில் படம் பிடிப்பான். "பெத்த புள்ள மூஞ்சிய ஒரு போட்டோ எடுத்தது இல்ல, துருப்புடிச்ச தகரத்த எடுத்துக்கினு வருது இந்த ஆளு" என்று மனைவி குணசுந்தரி தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். ஆல்பத்தில் முப்பத்தொரு லாரிகள் இருந்தன. இந்த மூன்றாம் நம்பர் மட்டும் இல்லை. நாளைக்கு இதை வெட்டி இரும்புக்குப் போடுகிறார்கள். கடைசி நாள் என்றதும் ஆசை பயத்தை ஜெயித்துவிட்டது.

மூன்றாம் நம்பரை எட்டு வருடம் ஓட்டியவன் அவன்தான். ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிப்போகும் லாரி. எல்லாரும் ஏறினதும், பின்னால் நிற்கும் ஆள் கேபின் கூரையை இரண்டு தட்டு தட்டவேண்டும். தட்டல் கேட்காமல் டிரைவர் கிளட்சிலிருந்து காலை எடுக்கக்கூடாது. போன வருடம் ஒரு மத்தியானம், பசி வயிற்றைக் கிள்ள, தட்டலுக்குக் காத்திராமல் சாம்ராஜ் காலை எடுத்துவிட்டான். மேட்டில் நின்ற லாரி முதலில் பின்னால் உருண்டது. ஒரு காலை மட்டும் ஏற்றியிருந்த காத்தவராயன் சக்கரத்துக்கு அடியில் போனான். விசாரணையில், "தட்டல் கேட்டுச்சு சார், ரெண்டு தட்டு" என்று சாம்ராஜ் வாய் கூசாமல் சொன்னான். தட்டவேண்டிய ஆள் ஏனோக். ஆள் ஏறுமுன்னே தட்டிவிட்டான் என்று ஏனோக்கின் வேலை போனது.

இன்று காலை ஏனோக் வாசலில் வந்து நின்றான். சாயம் போன காக்கிச் சட்டை. கையில் நாலாக மடித்த காகிதம்.

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து. நான் தட்டலன்னு நீங்க ஒத்துக்கினா போதும். நாளைக்கு குவாட்டர்ஸ பூட்டப் போறாங்க. பொண்டாட்டி புள்ளய இட்டுக்கினு நான் எங்கண்ணே போவேன்?"

"ஒத்துக்கினா நான் எங்கடா போறது? வெச்சிட்டுப் போ, பாக்கலாம்."

"பாக்கலாம்னா இன்னாண்ணே?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். போடா!"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஏனோக் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம், பாவி. காகிதம் இப்போது சாம்ராஜின் சட்டைப்பையில் இருந்தது.

முன்பக்கம் இரண்டு படம் எடுத்தான், பக்கவாட்டில் இரண்டு. சக்கரங்களைக் கழற்றிவிட்டு லாரியை மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். மேட்டிலிருந்து கரைந்து வந்த சாம்பல்நிறச் சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஈர இரும்பின் வாடை, பழைய கிரீஸ் வாடை, அதற்கும் அடியில் எங்கிருந்தோ பீடிப்புகையும் வேர்வையும் கலந்து, சுரங்கத்திலிருந்து மேலே வரும் ஆட்களின் உடம்பு வாடை மெல்ல மெல்ல எழும்பி அவனைச் சூழ்ந்துகொண்டது. சுற்றிலும் ஒரு குருவிகூட இல்லை.

ஸ்டீயரிங்கையும் ஒரு படம் பிடித்துவிட்டால் கிளம்பிவிடலாம். கேபினில் ஏறி உட்கார்ந்தான். சீட் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள்.

பின்னால் ஸ்பிரிங் பட்டை கிறீச்சிட்டது. லாரி லேசாகத் தணிந்தது.

ஆள் ஏறினால் அப்படித்தான் தணியும். எட்டு வருடமாக முதுகாலேயே கேட்டுப் பழகிய சத்தம். காற்று, காற்றுதான் என்று சொல்லிக்கொண்டான். மறுபடி கிறீச். மறுபடி தணிந்தது. பூட்ஸ் கால்கள் பலகையில் நகர்ந்தன. ஒரு இருமல். தகரத்தில் சோற்றுப் பாத்திரம் இடித்தது. அவனுடைய இடது கால், அவனைக் கேட்காமலே, கிளட்சை மிதித்திருந்தது.

கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. தோளால் இடித்தான். திறக்கவில்லை.

"ஐயோ, போடறேன்டா ஏனோக்கு! கையெழுத்து போடறேன்டா!"

ஸ்டீயரிங்கின் மேல் காகிதத்தை விரித்தான். பேனா காகிதத்தைக் கிழித்தது. எப்படியோ முழுப்பெயரையும் எழுதி முடித்தான்.

இருமல் நின்றது. எல்லாமே நின்றது.

அப்பாடா. நாளைக் காலையில் முதல் வேலையாக இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடவேண்டும். வேலை போனால் போகட்டும், மயிராச்சு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேபினின் முதுகுப்பக்கத்துச் சின்னக் கண்ணாடி ஜன்னலில் காகிதத்தை ஒட்டிப் பிடித்துக் காட்டினான். பிறகு மெல்ல இறக்கினான்.

லாரி நிறைய ஆட்கள். சாம்பல் பூசிய முகங்கள். அத்தனை பேரின் பிணத்துக்கும் அவன் மாலை போட்டிருக்கிறான். முன்னால் காத்தவராயன். இடுப்புக்குக் கீழே எதுவும் சரியாக இல்லை. அவன் பக்கத்தில் ஏனோக்.

ஏனோக் எப்படி? காலையில்தானே வந்தான்?

அதே காக்கிச் சட்டை. தலையிலிருந்து சொட்டச் சொட்டத் தண்ணீர். மூடாமல் விட்ட பழைய சுரங்க ஷாஃப்டில் தேங்கிக் கிடக்கும் துருநிறத் தண்ணீர். அவன் தோளை ஒட்டி அவன் பெண்டாட்டி. அவளும் நனைந்திருந்தாள். இரண்டு பேரும் காகிதத்தைப் பார்க்கவில்லை.

அவள் இடுப்பில் இருந்த குழந்தை பார்த்தது. எட்டி, கண்ணாடியில் ஈரக் கையை வைத்து, அதை வாங்கிக்கொள்ள விரல்களை விரித்தது.