மூச்சு விடக் கூடாது

“மூச்சு விடாம எவ்வளவு நேரம் இருப்பே?” என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார்.

முகத்தைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால்தான் சித்தப்பாவின் லேப்டாப் ரிப்பேர் கடையில் முன்பக்கம் அவருக்கு, பின்னறை எனக்கு.

அன்று காலை கடை திறந்ததுமே அந்த அக்காவின் கணவர் வந்திருந்தார். தலையில் ஹெட்போன். பேசும்போதுகூட அதைக் கழற்றவில்லை, ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டார்.

“புது லேப்டாப் சார். ஆபீஸ்ல குடுத்து ஒரு மாசம்கூட ஆகல. சூடுன்னா சூடு, மடியில வைக்க முடியல. அதவிட இந்தச் சத்தம். மீட்டிங்ல எல்லாரும் கேக்கறாங்க, பக்கத்துல யாருக்கு மூச்சு வாங்குதுன்னு.”

“ஃபேன்ல தூசி போயிருக்கும். நாலு மணிக்கு வாங்க.” சித்தப்பா லேப்டாப்பை என்னிடம் நீட்டினார். “படிப்புதான் ஏறல. ஸ்க்ரூவாவது ஏறுதான்னு பாப்போம்.”

ஹெட்போன்காரர் சிரித்தார். நான் லேப்டாப்போடு உள்ளே போனேன்.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட், ஒரு மேஜை, ஈயம் உருகிய வாடை. லேப்டாப்பை மேஜையில் வைத்தேன். அணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் சுட்டது. இஸ்திரிப் பெட்டியின் சூடு இல்லை அது. காய்ச்சல்காரரின் பிடரியில் கை வைத்தால் தெரியுமே, அந்த ஈரச் சூடு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. ஸ்க்ரூடிரைவரின் முனையை மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வேன்.

உள்ளே ஏதோ இழுத்தது. இழுப்பின் முடிவில் மெல்லிய விசில். ஓர் இடைவெளி. பிறகு விட்டது.

பத்து ஸ்க்ரூவையும் கழற்றி அடித்தகட்டைத் தூக்கினேன்.

ஃபேன் இல்லை.

அந்த மாடலுக்கு ஃபேனே கிடையாது. சூட்டை இழுத்துக்கொள்ள ஒரு செம்புத் தகடு மட்டும்தான். தகட்டின் மேல், கண்ணாடியில் ஊதினால் படிவதுபோல் ஈரம் படிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. மறுபடி பரவியது. இருமல் மருந்தின் இனிப்பு வாடை எழுந்தது.

பேட்டரியைக் கழற்றினேன்.

சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்த அக்கா பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோளில் வேலைக்குப் போகும் பை. என்னைக் கண்டுகொள்ளாமல், புறங்கையைச் செம்புத் தகட்டில் வைத்தார். எனக்குச் சுட்ட தகடு அவருக்குச் சுடவில்லை.

“நூத்தி மூணு இருக்கும்,” என்றார். “காலையில அவர் லேப்டாப்போட வீட்டுக் கதவுக்கிட்ட நின்னப்ப ரிப்பேருக்குன்னார். அப்பவே பயந்துட்டேன்.”

அதன் பிறகுதான் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் முழித்துக்கொண்டு நின்றதால் அவரே சொன்னார்.

“என் பொண்ணு. ஆறு வயசு. அன்னிக்குக் காய்ச்சல், இழுப்பு வேற. நான் டூட்டிக்குப் போயிட்டேன். இவருக்கு இந்தப் புது லேப்டாப்புல முதல் மீட்டிங். அவ டேபிளுக்கு அடியில உக்காந்து இருமிட்டே இருந்தாளாம். ‘மீட்டிங் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாது’ன்னாராம்.”

தகட்டிலிருந்து கையை எடுக்காமலே தொடர்ந்தார்.

“அப்பா ஒண்ணு சொன்னா, அவ அப்படியே கேப்பா. மீட்டிங் ரெண்டு மணி நேரம்.”

லேப்டாப் இழுத்தது. விட்டது.

“எனக்குன்னு மிச்சம் இருக்கறது இந்தச் சத்தம்தாம்மா. நிறுத்திடாதே. ரிப்பேர் ஆகலன்னு சொல்லிடு. அவர் வேற வாங்கிக்கட்டும், இதை நான் வச்சுக்கறேன்.”

தலையாட்டினேன். வாய் வராதவர்களுக்குத் தலை நன்றாக ஆடும். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தக் கையும் சுட்டது.

மதியம் சித்தப்பா வந்து பார்த்தார். சிப்பின் மேல் சூடு கடத்தும் புதுப் பசை தடவச் சொன்னார், தடவினேன். பேட்டரியை மாட்டி, சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கச் சொன்னார், புதுப்பித்தேன். சூடும் சத்தமும் அப்படியே இருந்தன. ரிப்பேர் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“என்னடி முழிக்கறே? நாலு மணிக்குள்ள முடிக்கல, நாளையிலேருந்து வீட்டுலயே உக்காந்து சுவத்தைப் பாத்துக்க.”

பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஜன்னலில்லாத அறை மட்டும்தான்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். சித்தப்பாவுக்குத் தெரியாத ஒரு ரிப்பேர் எனக்குத் தெரிந்திருந்தது.

திரைக்கு மேலே, ஊசி முனையளவு மைக் துளை. உதட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். குரலைக் கனமாக்கிக்கொண்டேன், அப்பாக்கள் பேசுவதுபோல்.

“மூச்சு விடக் கூடாது.”

உள்ளே சத்தம் தடுமாறியது.

பிறகு நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது.

வெளியே வரவே இல்லை.

தகட்டின் ஈரம் காய்ந்தது. சூடு இறங்கியது. நான் பத்து ஸ்க்ரூவையும் முடுக்குவதற்குள் அது விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். சித்தப்பா முன்மேஜையில் லேப்டாப்பைத் திறந்து மைக் சோதனையை ஓடவிட்டார். திரையில் பச்சைக் கோடுகள். அவர் கைதட்டினால் எழும்பின, நிறுத்தினால் படுத்துவிட்டன.

“பாத்தீங்களா? எங்க வீட்டுப் பொண்ணு கை பட்டா பேயும் அடங்கிடும்!”

“சூப்பர் சார்,” என்றார் ஹெட்போன்காரர். அவர் காதில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா புறங்கையை லேப்டாப்பின் மேல் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“நான் வீட்டுக்கு வந்து தொட்டப்பவும் இப்படித்தான் ஜில்லுன்னு இருந்தா,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அவகிட்ட என்ன சொன்னே?”

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் குனிந்தார். “கண்ணு, அம்மா வந்துட்டேன்டா. மீட்டிங் முடிஞ்சிருச்சு. மூச்சு விடுடா.”

அவர் குரலுக்கு எழும்பிய கோடுகள் படுத்தன. கடையில் யாரும் அசையவில்லை.

ஒரு கோடு நடுங்கியது.

தானாக எழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று. பயந்து பயந்து.

“ஷ்ஷ்!” என்றார் ஹெட்போன்காரர். மனைவியிடம்தான் சொன்னார். ஹெட்போனைக் கையால் பொத்திக்கொண்டு, “கால்ல இருக்கேன்ல?” என்றார்.

கோடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் படுத்தன. வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்குக்கூட அவை எழவில்லை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கணவரைக் கடந்து, படியிறங்கி, வந்த வழிக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நடந்து போனார்.