வால் வண்டிக்குப் பின்னால்

“வால்” என்று சொல்லிவிட்டு இளமதி வாக்கிடாக்கிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகு, இன்னொரு குரல் “அஞ்சு” என்றது.

வந்திருந்ததே நாலு வண்டி.

“யாருங்க அது?” என்றாள். இரைச்சல் மட்டும்.

கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்களை வரிசையாக மலைக்குக் கூட்டிப்போய், இயற்கையைக் காட்டி, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து விடுவது அவளும் அவள் கணவன் செம்மலும் நடத்தும் தொழில். அறந்தாங்கி சாலையிலேயே ஓட்டிப் பழகிய கைகள் கொண்டை ஊசி வளைவைக் கண்டால் உதறும். அதனால் செம்மல் முன்னால் போவான். ஒவ்வொரு வளைவிலும் அவன் “ஒண்ணு” என்பான். பின்னால் வருகிறவர்கள் அவரவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே திரும்புவார்கள். கடைசியில் இளமதி “வால்” என்பாள். வால் வண்டிக்கு ஒரே வேலைதான்: வெளி வண்டி எதையும் வரிசைக்குள் விடக் கூடாது. பனி இறங்கிவிட்டால் எல்லோருக்கும் இன்னொரு விதி. ரோட்டைத் தேடாதீர்கள், முன்வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டே வாருங்கள்.

இன்று மதியம் தாண்டியதுமே பனி இறங்கிவிட்டது. சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடலாம் என்று இளமதி தலையால் அடித்துக்கொண்டாள். செம்மல் கேட்டானா? விளம்பரத்துக்கு வீடியோ வேண்டுமாம். ட்ரோனைப் பறக்கவிட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அதுகூடப் போகட்டும். மகள் தேவிப்ரியாவை மூன்றாவது வண்டியில் ஏற்றிவிட்டிருந்தான். அந்த வண்டிக்காரர் மரியசெல்வம், பள்ளிக்கூட வாத்தியார். அவர் மகள் பிளெஸ்ஸியோடு இவள் ஒட்டிக்கொண்டாளாம். “ஆசைப்படுதுல்ல, விடு மதி” என்று சொன்னதோடு சரி. மலைச்சாலையை முதன்முதலாகப் பார்க்கும் ஒருத்தர் கையில் என் பிள்ளை. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிளகை மென்று விழுங்க முடியாமல் வைத்திருப்பதுபோல அந்தக் கோபம் அவள் தொண்டையில் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த வளைவு.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

“வால்.”

“அஞ்சு.”

“ரகுநாத் அண்ணே, வெளையாடுறீங்களா?” என்று சீறினாள். ரகுநாத் இரண்டாவது வண்டிக்காரர். பொன்னமராவதியில் உரக்கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து வாய் ஓயாமல் எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டே வந்தவர்.

“சத்தியமா நான் இல்ல தங்கச்சி. நானே ஸ்டியரிங்க கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கல்யாணத்தன்னிக்குக்கூட இம்புட்டு இறுக்கிப் புடிச்சதில்ல.”

யாரோ சிரித்தார்கள். செம்மல் குறுக்கிட்டான். “மதி, கஸ்டமருக்கு எல்லாம் கேக்குது. கத்தாத.”

“கத்தாம? எனக்குத் தெரியாம இன்னொரு வண்டியச் சேத்துவிட்டீங்களா?”

“நான் ஏன் சேக்கப்போறேன்? நாலு வண்டிதான். பேசாம வா, கீழ போயி பேசிக்கலாம்.”

எப்போதும் கீழே போய்த்தான். அவள் பல்லைக் கடித்தாள். அப்போதுதான் கண்ணாடியில் அந்த வெளிச்சம் தெரிந்தது.

பனிக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள் கலங்கலாக, சேற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் கண்கள்போல வந்துகொண்டிருந்தன. நெருங்கின. மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது, அவளுடைய டயர் ஈரத்தை நக்கிக்கொண்டு உருளும் சத்தம் கேட்டது, எங்கோ ஒரு குரங்கு இருமுவதுகூடக் கேட்டது, ஆனால் பின்னால் வருகிற வண்டியின் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கூடவே ஒரு நாற்றம் வந்தது. பிரேக் கருகுகிற நாற்றம்.

இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறக்குகிறான், பாவி. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று சமவெளி ஆட்கள் செய்கிற அதே மடத்தனம். எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்கிறோம்!

வெளிச்சம் அவள் டிக்கியை ஒட்டி வந்தது. மினுக்கியது. மறுபடியும் மினுக்கியது. வழி கேட்கிறான். வளைவில், பனியில், வழி! அவள் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். மினுக்கல் நிற்கவில்லை. அவள் முகத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களில், முன்கண்ணாடியில் அந்த மஞ்சள் அடித்து அடித்து அணைந்தது. ட்ரோன், பிள்ளை, கத்தாதே, கீழே போய்ப் பேசிக்கலாம், இப்போது இவன். ஏதோ ஒன்று அவளுக்குள் அறுந்தது.

“போ! போயித் தொலை!”

பாறைச் சுவரோரமாக இடப்பக்கம் ஒதுங்கினாள். வலது கையை வெளியே நீட்டி, முன்னால் போகச் சொல்லி வீசினாள்.

அது வலப்பக்கம் வரவில்லை.

இடப்பக்கம் வந்தது. பாறைக்கும் அவள் வண்டியின் இடக் கதவுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. அந்த இடத்தில் ஒரு முழுக் கார், அந்தக் கதவின் கண்ணாடியை ஒட்டி, உரசாமல், சத்தமில்லாமல், மெதுவாகப் போனது. உள்ளே நிறைய ஆட்கள். ஆண்கள், பெண்கள், மடியில் ஒரு குழந்தை. எல்லோருடைய கைகளும் எதையோ தாங்குவதுபோல மேல்கூரையில் அழுந்தியிருந்தன. எல்லோர் வாயும் திறந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

போன பிறகு பாறையைப் பார்த்தாள். பாசி கலையவில்லை.

வழியை விட்டது தான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. வாக்கிடாக்கியை எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.” அந்தக் குரல்.

“அப்ப நான் நாலா?” என்று மரியசெல்வம் சிரித்தார். “மேடம், ஒரு வண்டி சைடு கேட்டுச்சு, விட்டுட்டேன். நம்ம வண்டிதானங்க? நம்பர் சொல்லுதே.”

“சார், அது நம்ம வண்டி இல்ல. அது பின்னாடி போகாதீங்க. நிறுத்துங்க.”

“இந்தப் பனியிலயா? லைட்ட விட்டா எனக்கு ரோடே தெரியாதுங்க. நீங்கதான சொன்னீங்க, முன்னாடி இருக்கிற சிவப்பு லைட்ட விடாதீங்கன்னு.”

“நிறுத்துங்க சார்!”

“மதி!” செம்மலின் குரல் வெடித்தது. “வளைவுல யாரும் நிறுத்தக் கூடாது. சார், நீங்க வாங்க. அவ சும்மா பயமுறுத்துறா.”

“வாய மூடுங்க! எம்புள்ள அதுல இருக்கா!”

வாக்கிடாக்கியைப் பக்கத்து இருக்கையில் எறிந்தாள். ஆக்சிலரேட்டரை மிதித்தாள். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பனி கண்ணாடியில் மோதிக் கிழிந்தது. கருகல் நாற்றம் மூக்கை அடைத்தது. வளைவு. இன்னொரு வளைவு.

சிவப்பு தெரிந்தது. மரியசெல்வத்தின் வண்டி. அதற்கு முன்னால் இன்னொரு ஜோடிச் சிவப்பு.

சாலை இடப்பக்கம் திரும்பியது.

முன்னால் இருந்த சிவப்பு திரும்பவில்லை.

நேராகப் போனது. தடுப்புச் சுவர் இடிகிற சத்தம் இல்லை. விழுகிற சத்தம் இல்லை. நேராகவே போனது. மரியசெல்வத்தின் வண்டியும் நேராக.

“சார்ர்ர்!”

பிரேக் அலறியது. சுவரில் இடித்து, முன்சக்கரம் ஒன்று வெளியே தொங்க, அந்த வண்டி நின்றது.

இளமதி இறங்கி ஓடினாள். செருப்பு கழன்றது. பின்கதவு திறந்து கிடந்தது. பிளெஸ்ஸி சீட்டுக்கடியில் சுருண்டு உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மரியசெல்வம் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

“தேவி எங்க?”

அவர் வாய் கோணியது.

“எங்க சார் எம்புள்ள?”

“எறங்கிருச்சு மேடம். தானா கதவத் தெறந்து. முன்னாடி வண்டியில... முன்னாடி வண்டியில எடம் போட்டு வச்சிருக்காங்கன்னு சொல்லுச்சு.”

இளமதியின் வண்டியில் கிடந்த வாக்கிடாக்கியிலிருந்து செம்மலின் குரல் இரைந்தது. “ஏன் நின்னுட்டீங்க? யாரு நிறுத்தச் சொன்னது? கெளம்புங்க, கெளம்புங்க.”

அவள் சுவருக்கு அப்பால் பார்த்தாள்.

அங்கே ரோடு இல்லை. பள்ளத்தாக்கு. வெறும் பனி. அந்தப் பனியில், சாலையின் மட்டத்திலேயே, எட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் கூரையிலிருந்து கைகளை இறக்கினார்கள். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, பொறுமையாக, உள்ளே தள்ளி உட்கார்ந்தார்கள்.

கதவோரத்தில் கொஞ்சம் இடம் விழுந்தது.

அதற்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்த தேவிப்ரியா, அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.