தின்மூர் பக்கம்தான்!

எங்கள் ஊர் தின்மூருக்கு வந்து சேருகிறவர்கள் முதலில் செய்கிற வேலை ஒன்றுதான். பொத்தென்று உட்காருவார்கள். தார் ரோடு மலையடிவாரத்துப் பாலத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கல்லும் முள்ளுமான ஒற்றையடிப் பாதை. சர்க்கரை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் எங்கள் ஊருக்குக் களைத்துப்போய்த்தான் வந்து சேரும்.

என் பெயர் இத்தோ. வயது பதினொன்று. போன வருடம் என் அப்பா பிஹி, வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டினார். ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காக.

"எல்லாரும் மராகேஷ் நகரத்துக்கே போய் முட்டி மோதுறாங்க. நம்ம ஊருல தானியம் சேத்து வைக்கப் பாறை உச்சியில கட்டின கோட்டை இருக்கு. அருவி இருக்கு. ஆனா ஒரு ஈ காக்கா வரல" என்பார்.

அந்த வசந்தத்தில் மூன்று முறை விருந்தாளிகள் வருவதாகப் போன் வந்தது. மூன்று முறையும் யாரும் வந்து சேரவில்லை. பாதி வழியில் திரும்பிவிட்டார்களாம். ஆடு மேய்க்கும் தூதா அத்தைதான் வந்து சொன்னார்.

"அந்தப் பொண்ணு வாதுமை மரத்தடியில உக்காந்து ஓன்னு அழுதா, பிஹி. நான்கூடச் சொன்னேன், 'பக்கம்தான், வாங்க'ன்னு. காதுலயே வாங்கல."

நம் ஊர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அப்பா நினைத்துக்கொண்டார் போல.

காசாபிளாங்கா நகரத்திலிருந்து ஹமாத் சித்தப்பா தினமும் போன் செய்தார். அங்கே அவருக்கு மளிகைக்கடை. "அண்ணே, எவ்வளவு நாள்தான் பாதையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே? கடைக்கு ஆள் வேணும், கிளம்பி வா."

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் வர்றாங்கடா. அவங்களும் வரலைன்னா திங்கட்கிழமை பஸ் ஏறிடுறேன்" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் பாதி அப்பாக்கள் காசாபிளாங்காவில்தான் இருக்கிறார்கள். பெருநாளுக்கு மட்டும் வருவார்கள். என் தோழி கெல்தூமின் தம்பி, பெருநாளுக்கு வந்த தன் அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கெல்தூம் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை. அம்மா கோழிக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, வாற்கோதுமை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மூணு தடவை விருந்து சமைச்சேன். மூணு தடவையும் நாமளே தின்னு தீர்த்தோம். என் கையே விட்டுப் போச்சு" என்றாள்.

"இன்னைக்கும் வரமாட்டாங்கம்மா! எனக்குக் கால் துண்டு!" என்றான் என் தம்பி புஜ்மா. அவனுக்கு வயது ஆறு. கோழியைத் தவிர வேறு கவலை கிடையாது.

அப்பா வாசலில் உட்கார்ந்து தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கழுதை பக்கத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கும் அந்த வாரம் கால் வலி.

அந்தப் பையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பாட்டிலில் மோரை ஊற்றி எடுத்துக்கொண்டு, விருந்தாளிகளைத் தேடிக் கீழே இறங்கினேன்.

வாதுமை மரத்தடியில் அவர்கள் இருந்தார்கள். ஓர் அக்கா காலணியைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கொப்புளம். ஓர் அண்ணன் மரத்தில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி மூச்சு வாங்கினார். இருவரும் ரபாத் நகரத்துக்காரர்கள். அக்காவின் பெயர் நுஸ்ஹா, அண்ணன் ஜவாத், அவருடைய கணவர். எங்கள் ஊர்ப் பேச்சு வேறு; பள்ளிக்கூடத்தில் படித்த அரபியில் வணக்கம் சொல்லி, பிஹியின் மகள் என்றேன்.

"பாப்பா, நீயாவது சொல்லு. தின்மூர் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் நுஸ்ஹா அக்கா.

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"பக்கம்தான்க்கா! அந்த மேட்டைத் தாண்டினா வந்துடும்!"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கேட்டியா ஜவாத்? இவ அஞ்சாவது ஆளு! டீக்கடைக்காரர் பக்கம்னார். கழுதைக்காரர் பக்கம்னார். ஆட்டுக்கார அம்மா பக்கம்னாங்க. உங்க அப்பாவும் போன்ல பக்கம்னுதான் சொன்னாரு. அதை நம்பி ஒரே ஒரு பாட்டில் தண்ணியோட வந்தோம். ரெண்டு மணி நேரமா மேடு மேடா தாண்டிக்கிட்டே இருக்கோம்!"

"எங்களைப் பாத்தா கிண்டலா இருக்கா இந்த ஊர்க்காரங்களுக்கு?" என்றார் ஜவாத் அண்ணன். "போதும் நுஸ்ஹா. கிளம்பு, திரும்பிடலாம்."

எனக்குச் சுரீர் என்றது. அட, இதுதானா விஷயம்!

எங்கள் பக்கத்தில் வழி கேட்கிறவரிடம் யாரும் 'தூரம்' என்று சொல்லமாட்டோம். அது பெரிய மரியாதைக் குறைவு. 'வராதே, திரும்பிப் போ' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. தாங்கமுடியாத தூரமாக இருந்தாலும் பக்கம் என்போம். எங்களுக்குள் அது எல்லோருக்கும் தெரியும். 'பக்கம்' என்று யாராவது சொன்னால் நாங்கள் இரண்டு ரொட்டி கட்டிக்கொண்டுதான் புறப்படுவோம். வெளியூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மூன்று முறையும் நாங்களே 'வாங்க வாங்க' என்று சொல்லித் துரத்தியிருக்கிறோம்!

அக்கா காலணியை மாட்ட ஆரம்பித்தார்.

"அக்கா, கொஞ்சம் இருங்க" என்றேன். கெட்ட வார்த்தை பேசப்போகிற மாதிரி காதெல்லாம் சூடாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"தூரம்! ரொம்ப தூரம்! இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்!"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நிறுத்தவில்லை. "முதல் அரை மணி செம மேடு. நிழலே கிடையாது. எனக்கே அழுகை வரும். அதுக்கப்புறம் ஓடைக்கரை. வழி முழுக்க மரமா இருக்கும். அங்கே மழைத்தண்ணித் தொட்டி இருக்கு, கால் நனைச்சுக்கலாம். கடைசியில நூத்தி அறுபது கல்படி. அதுல ஏறும்போது எங்க அம்மாவே ஊரைத் திட்டுவாங்க. கீழே போகவும் ரெண்டு மணி நேரம்தான்க்கா. நீங்களே யோசிச்சுக்கோங்க."

நுஸ்ஹா அக்கா காலணியைக் கீழே வைத்தார். "ரெண்டு மணி நேரமா?"

"உங்க காலுக்கு ரெண்டேகால்."

ஜவாத் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டேகால்னா மெதுவா நடந்துடலாமே. இந்த 'பக்கம்'தான் நடக்க நடக்கத் தீரவே மாட்டேங்குது!"

மோரை இரண்டு பேரும் குடித்தார்கள். என் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து அக்காவின் குதிகாலில் கட்டினேன். அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டேன். அதில் பாறாங்கல் வைத்திருந்தாரோ என்னவோ, அப்படிக் கனத்தது.

மெல்ல மெல்ல ஏறினோம். "இப்போ எவ்வளவு?" என்று அக்கா கேட்பார். "ஒண்ணரை மணி" என்பேன். "இப்போ?" "இன்னும் ஒண்ணரைதான். நாம பத்தடிதான் வந்திருக்கோம்." கேட்டுக் கேட்டே அவர் நடந்தார்.

ஓடைக்கரையில் தூதா அத்தை ஆடுகளோடு குறுக்குவழியில் வந்து சேர்ந்தார். "வாங்க வாங்க! இதோ வந்துட்டீங்க, பக்கம்தான்!" என்றார்.

"அத்தை, சும்மா இருங்க! இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு!"

அத்தை மார்பில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி! வீடு தேடி வர்ற விருந்தாளியை விரட்டுறியே! உங்க அப்பாகிட்ட சொல்றேன் இரு!"

மதியம் சாய்ந்த பிறகு கல்படிகள் முடிந்தன. அப்பா எங்களைப் பார்த்துவிட்டு, பாலும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் பாதிப் பால் சிந்திவிட்டது.

நுஸ்ஹா அக்கா மலையைப் பார்க்கவில்லை, தானியக் கோட்டையைப் பார்க்கவில்லை. நேராக விரிப்பில் போய்ப் படுத்தார்.

"பிஹி அண்ணே," என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "உங்க ஊரு தூரம்."

அப்பாவின் முகம் சிவந்தது. "அப்படியெல்லாம் இல்லைங்க, பக்கம்..."

"தூரம்! உங்க பொண்ணு அதைச் சொன்னதாலதான் இங்கே படுத்திருக்கேன். இல்லைன்னா இந்நேரம் கீழே டாக்ஸியில இருப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். தேநீர் ஆறிப்போயிற்று. அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். புஜ்மா, தட்டில் தனக்கு வெறும் கழுத்துத் துண்டு மட்டும் விழுந்ததைப் பார்த்து அழுதான்.

ஒரு நாள் என்று வந்தவர்கள் நான்கு நாள் தங்கினார்கள். அருவியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. "மராகேஷ்ல ஒரு போட்டோ எடுக்கவே வரிசையில நிக்கணும்" என்றபடி ஜவாத் அண்ணன் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுவாரமே போன் வந்தது. ரபாத்திலிருந்து அவர்களுடைய நண்பர்கள். எங்கள் மொட்டைமாடியின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அப்பா அங்கே நின்று பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"எப்படி வரணுமா? வாங்க வாங்க, தார் ரோட்டுல இறங்கினா பக்..."

அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா எச்சிலை விழுங்கினார்.

"தூ... தூரம்ங்க. நாலு மணி நேரம் நடக்கணும். கால் வலிக்கும். தண்ணி நிறைய கொண்டாங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "வர்றாங்களாம், இத்தோ! ஏழு பேராம்!"

"ஏழு பேரா! யா அல்லா, என் முதுகு!" என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

போனை வைத்த உடனே அது மறுபடியும் அடித்தது. ஹமாத் சித்தப்பா.

"என்ன அண்ணே, திங்கட்கிழமை போய் அடுத்த திங்கட்கிழமையும் வந்தாச்சு. கிளம்பிட்டியா இல்லையா?"

அப்பா என் தலையில் கைவைத்தார். இந்த முறை அவருடைய நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

"எங்கேடா வர்றது? காசாபிளாங்கா தூரம். ரொம்ப ரொம்ப தூரம்."