நேசையன் அழித்த பாடம்

கரும்பலகையின் கீழ் ஓரம் முழுவதும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது.

ராஜதாஸ் வாத்தியார் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. மழை பெய்து நான்கு நாளாகிவிட்டது. காலையில் கரி பூசி, முற்றத்து வெயிலில் காயவைத்து, மத்தியானம்தான் பலகையை ஆணியில் மாட்டினார். நாளைய பாடத்தை ஆறு வரிகளாக எழுதி முடித்துவிட்டுப் பின்பக்க ஜன்னலைச் சாத்தப் போனார். திரும்பி வந்தபோது ஆறாவது வரியைக் காணவில்லை. துணியால் துடைத்த தடமாக அது தெரியவில்லை. நடுவில் தடித்து, ஓரங்களில் மெலிந்து, நத்தை ஊர்ந்த வழி மாதிரிக் கொழகொழவென்று பளபளத்தது.

"எந்தா சாறே, இது போர்டா, கல்யாணப் பெண்ணா? இத்தற மினுக்கணமா?"

ஓலைத்தட்டிக்கு அந்தப்புறம் மலையாள வகுப்பு எடுக்கும் கிருஷ்ணன்குட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறாரில்லா. போர்டு நரைச்சுக் கிடந்தா தமிழ் கிளாசே வேண்டாம்னு எழுதிட்டுப் போயிருவாரு."

"எழுதட்டும் ஓய். உம்ம இருபத்திமூணு பிள்ளைகளையும் நான் எடுத்துக்கிடுகேன். நீரும் வாரும். முன் பெஞ்சில இருந்து மலையாளம் படியும்."

ராஜதாஸ் சிரித்து வைத்தார். தமிழ்ப் பகுதியைப் பிரித்துத் தரக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் பாறசாலைப் பக்கம் பஸ் நின்று, கடை அடைத்து, பள்ளிக்கூடமும் பதினொரு நாள் மூடிக் கிடந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகள் இந்த ஆறு வரியையும் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். வாசித்தால் தமிழ் வகுப்பு இருக்கும். இல்லையென்றால் தட்டியைப் பிரித்துவிடுவார்கள்.

"என்ன ஒரு நாற்றம்! எலி செத்துக் கிடக்கோ?" மூக்கைப் பொத்திக்கொண்டு கிருஷ்ணன்குட்டி வெளியேறினார்.

நாற்றம் ராஜதாசுக்கும் வந்திருந்தது. எலி இல்லை. தூங்கும் பிள்ளையின் வாயோரம் வழிந்து, தலையணையில் ஊறி, பல நாள் புளித்த எச்சிலின் வாடை.

துண்டால் துடைத்தார். துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் நுனியிலிருந்து கருப்பும் வெள்ளையுமாக ஒரு நூல் நீண்டு, அறாமல் தொங்கியது. துண்டை மூலையில் எறிந்தார்.

பள்ளிக்கூடம் பெருக்கித் தூத்துவாரும் சுகிர்தபாய், கரி குழைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு உள்ளே வந்தாள்.

"அரைச்சதில மிச்சம் உண்டு சாறே. இன்னொருக்க தேய்ச்சா நல்லா பிடிக்கும். சிரட்டைக்கரியில இந்தத் தடவை ஊமத்தை இலை கூடுதலாக்கும்."

"வச்சிட்டுப் போ."

"கையை நல்லா கழுவணும். வெஷமில்லா." அவள் போகாமல் நின்றாள். "எங்க அண்ணன் நேசையனும் இந்தக் கிளாஸ் முறியிலதானே படிச்சான். அப்ப சாறுதான் சட்டாம்பிள்ளைன்னு அம்மை சொல்லுவா."

"எத்தனையோ பேரு படிச்சானுவ. நெனவில்ல."

"பேயடிச்சுச் செத்தானே சாறே. அதைக்கூடவா மறந்தாச்சு?"

"நேரமாச்சு. நீ போ."

அவள் செருப்பில்லாத கால்களின் ஓசை முற்றத்து மணலில் தேய்ந்து மறைந்தது. வெயில் மஞ்சளாகி, ஜன்னல் கம்பிகளின் நிழல் பெஞ்சுகளின்மேல் நீண்டது. ராஜதாஸ் பலகையின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுக்கரி பூசினார். காய்வதற்காகக் காத்திருந்த அந்த அரைமணி நேரத்தில், இருபத்தாறு வருஷமாக அவர் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது தானாக வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தது.

அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. வாத்தியார் வெளியே போனால் வகுப்பைக் கட்டியாளும் சட்டாம்பிள்ளை. சிலேட்டில் பிழையாக எழுதியவன் அதை நாக்கால் நக்கி அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும் என்பது வாத்தியாருடைய சட்டம். அன்று வாத்தியார் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தார். எட்டு வயது நேசையன் எழுத எழுந்தது சிலேட்டில் அல்ல, அன்று காலை கரி பூசிய பலகையில். தமிழ்ப் பாடத்தை அவன் பாதிக்குமேல் மலையாளத்தில் எழுதிவிட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நக்குலே," என்றான் ராஜதாஸ்.

சட்டம் சிலேட்டுக்குத்தான். பலகைக்கு இல்லை. அது அவனுக்குத் தெரியும். இருந்தும் பிடரியைப் பிடித்து அழுத்தினான். கீழிருந்து மேலே, வரிவரியாக. சாக்குக்கட்டிப் பொடியும் ஊமத்தைக் கரியும் எச்சிலில் குழைந்து நேசையனின் மோவாயில் வழிந்தன. பால்பல்லின் இடுக்கெல்லாம் கருப்பு. "தண்ணி தா அண்ணே" என்று கேட்டான். "முடிச்சிட்டுக் குடிலே." ராஜதாசுக்கு அன்று அருவருப்பாக இல்லை. இனித்தது.

அன்றிரவு நேசையன் காற்றில் இல்லாத நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்தானாம். கண்மணி விரிந்துபோய், நாக்கு காய்ந்த தோலாகத் தொங்கியதாம். மூன்றாம் நாள் புதைத்தார்கள். பேய் என்றார்கள். ராஜதாஸ் வாய் திறக்கவில்லை.

கரி காய்ந்துவிட்டது. எழுந்தார். ஆறாவது வரியை எழுதினார். எழுதி நிமிர்ந்தார்.

ஐந்தாவது வரி இல்லை.

ஈரம். புது ஈரம். அதில் குமிழ்கள் வெடித்துக்கொண்டிருந்தன.

ஓடிவிடலாம். ஓடினால் காலையில் வெறும் பலகை. இருபத்திமூன்று பிள்ளைகள் தட்டிக்கு அந்தப்பக்கம். தமிழ் வகுப்புக்கு வேறு பலகை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடைவெளியை நிரப்பி எழுதினார். இரண்டு அடி பின்னால் வந்து நின்று, கண் இமைக்காமல் பார்த்தார்.

ஆறாவது வரி இடமிருந்து வலமாக அழிந்தது. சளக், சளக் என்று கன்றுக்குட்டி தொட்டி நக்கும் சத்தம். பிறகு ஐந்தாவது. நான்காவது. பலகையில் இரண்டு சின்னக் கைகளின் தடம் பதிந்தது. மூன்றாவது வரியின் அடிப்பாகம் வரை நாக்கு வந்து, எட்டாமல் நின்றது.

ராஜதாஸ் மூச்சை விட்டார். எட்டு வயதுப் பையனுக்கு அவ்வளவுதான் எட்டும். மேலே மூன்று வரிகள் மிச்சம். அது போதும். இன்ஸ்பெக்டருக்கு மூன்று வரி போதும்.

முன் பெஞ்சு தரையில் கிறீச்சிட்டது.

தானாக நகர்ந்து, பலகையின் அடியில் போய் நின்றது. அதன் நடுப்பலகை லேசாக வளைந்தது. ஏதோ ஏறியது.

மூன்றாவது வரி. இரண்டாவது. முதல்.

சத்தம் மாறிக்கொண்டே வந்தது. சளக் இல்லை. சொரசொரவென்று உரசல். எச்சில் வற்றிவிட்டது. உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பது போல. தேய்த்தது. நின்றது.

பெஞ்சு நிமிர்ந்தது. இறங்கிவிட்டது.

அவர் கையில் சாக்குக்கட்டி. விரலெல்லாம் வெள்ளைப் பொடி.

சுண்டுவிரலில் முதலில் பட்டது. காய்ந்த, வெடித்த, சூடான ஒன்று. விரல் விரலாக நக்கியது. கையை இழுத்தார். சின்னப் பற்கள் கவ்விப் பிடித்தன. புறங்கை. மணிக்கட்டு. பொடி தீர்ந்த பிறகும் நிற்கவில்லை. சட்டையின் மேல் ஏறியது. கழுத்து வேர்வையில் அழுந்தியது. புளித்த வாடை மூக்கில் ஏறியது.

அலறினால் வாய் திறக்கும். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"தண்ணி."

காதில் இல்லை. உதட்டின்மேல் உதடு வைத்துச் சொன்னது.

பள்ளிக்கூட மணி அடிக்கும் இரும்புத்துண்டு ஜன்னலுக்கு வெளியே காற்றுக்கு மெல்ல ஆடியது. சாயங்கால வெளிச்சத்தில், சுத்தமான கரும்பலகையின் முன்னால், ராஜதாஸ் வாத்தியார் தலையை அண்ணாந்து நின்றார். யாரோ இரண்டு பக்கமும் விரல் கொடுத்து அகற்றியது போல அவர் வாய் அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே நாக்கு வேரோடு இழுபட்டு நெளிந்தது. தொண்டை தானாக ஏறி இறங்கியது. விழுங்கியது அவரில்லை. மோவாயில் கரிய எச்சில் வழிந்து, சட்டைப் பொத்தான்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.