டிரைவர் சீட்டில் ஐந்து பை அரிசி

அந்தப் பூக்கடையில் மிச்சம் இருந்தது நாலே நாலு எலுமிச்சம்பழம். அவற்றின் மேல் ஒரே நேரத்தில் விழுந்தன இரண்டு கைகள்...

ஒன்று தாமரையின் கை. இன்னொன்று யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தாள். நெடுநெடுவென்று ஒருத்தன். மழையில் தொப்பலாக நனைந்து, நெற்றியில் ஒட்டிய முடியோடு, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... சண்டைக்கு வந்தவளையே ஒரு நிமிடம் சண்டையை மறக்கவைக்கிற கண்கள்!

ஒரு நிமிடம்தான். தாமரைக்கு அதற்கு மேல் மறதி கிடையாது.

"ஹலோ, நான்தான் முதல்ல எடுத்தேன்."

"நீங்க தொட்டீங்க. எடுத்தது நான்."

"எனக்கு நாலும் வேணும். கார் சக்கரத்துக்கு."

"எனக்கும் கார் சக்கரத்துக்குத்தான். நான் ஓட்டப் போற காருக்கும் நாலு சக்கரம்தான் லா!"

வெளியே பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க மழை. கடைக்காரி வீரம்மா ஆன்டி மல்லிகைச் சரத்தை நறுக்கியபடியே இருவரையும் ஒரு முறை முறைத்தாள்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் என் கடையில வந்தா சண்ட போடுவீங்க? ஆளுக்கு ரெண்டு. புடிங்க, கெளம்புங்க!"

"ரெண்டு பழத்த வச்சு நான் என்ன பண்ணட்டும் ஆன்டி?"

"முன் சக்கரத்துக்கு வைம்மா. பின் சக்கரம் பின்னாலயே வந்துரும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தாமரை சிரிக்கவில்லை... உள்ளுக்குள் சிரித்தது கணக்கில் சேராது. இரண்டு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினவன், தெருமுனையில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அதே நேரம் பார்த்து இவளும் பார்த்துத் தொலைத்தாள்.

தாமரைக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா பெயர் கமலநாதன். மலையேறும் கார்ப் பந்தயம் என்று ஒன்று உண்டு, தெரியுமோ? அடிவாரத்தில் ஒவ்வொரு காராகக் கிளப்பிவிடுவார்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் யார் குறைந்த நேரத்தில் உச்சியைத் தொடுகிறார்களோ, அவர்களுக்குக் கோப்பை. கமலநாதன் பதினொரு கோப்பை வாங்கியவர். ஓட்டினது மட்டுமா? ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிற அவருடைய வொர்க்‌ஷாப்பில், தன்னோடு போட்டி போடுகிறவர்களின் கார்களையும் அவரே சரிசெய்து கொடுப்பார். ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜின்மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்டே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவார். அவரிடம் இருந்தது ஒரு குட்டி வெள்ளைக் கான்சில் கார். அதை வைத்துக்கொண்டுதான் பெரிய பெரிய கார்களையெல்லாம் ஓரங்கட்டினார் மனுஷன்!

தாமரையும் லேசுப்பட்டவள் இல்லை. பதினேழு வயதில் கோ-கார்ட் பந்தயத்தில் சாம்பியன். பத்தொன்பது வயதில் அப்பாவிடம் போய், "மலைக்கு நான் கான்சில ஓட்டட்டுமாப்பா?" என்று கேட்டாள். அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வராமலேயே, "இப்ப வேணாம்மா" என்றார்.

"மகனா இருந்தா குடுத்திருப்பீங்கல்ல?"

காருக்கு அடியிலிருந்து பதில் வரவில்லை. அன்றைக்கு வொர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்தவள்தான், எட்டு வருடம் அதற்குள் கால் வைக்கவில்லை. படித்தாள். கிள்ளானில் பிசியோதெரபிஸ்ட் ஆனாள். வீட்டுக்கு வரும்போது அப்பா "சாப்டியா?" என்பார். இவள் "ம்" என்பாள். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை அவர் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அப்பா என்னை லாயக்கில்லாதவள் என்றா நினைத்தார்?... கேட்க ஆள் இல்லாத அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே முள்ளாய்க் கிடந்தது.

இப்போது பந்தயக் கிளப்காரர்கள் அவர் நினைவாக ஒரு பந்தயம் வைக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம். அவருடைய கான்சில் கடைசியாக ஒரு முறை மலையேறப் போகிறது.

"ஓட்டுறதுக்கு கிளப்லேர்ந்து ஒரு ஆளு நாளைக்கு வராரு. ஆறு மாசம் கழிச்சு ஸ்டார்ட் பண்றாங்க, நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துரு" என்று அம்மா புனிதா போனில் சொன்னாள். தாமரை சரி என்றாள். யாரோ ஒரு ஆள்... அப்பா சீட்டில்... அதையும் சரி என்றே விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம். தகரக் கூரையில் சடசடவென்று மழை. எட்டு வருடத்துக்கு அப்புறம் தாமரை வொர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள். அதே கிரீஸ் வாசனை. கண் கலங்கப் பார்த்த நேரத்தில் பின்னால் ஒரு குரல்.

"எக்ஸ்கியூஸ் மீ, கமலநாதன் அங்கிள் வொர்க்‌ஷாப்..."

திரும்பினாள். அவனேதான்! அவன் கையில் இரண்டு எலுமிச்சம்பழம். அவள் கையிலும் இரண்டு. பழங்களைப் பார்த்தார்கள்... முகத்தைப் பார்த்தார்கள்...

"ஆக மொத்தம் நாலு" என்றான். "ஒரே காருக்கா நேத்து அந்தச் சண்ட போட்டோம்? நான் திருச்செல்வம். திருன்னு கூப்பிடுங்க."

"எங்கப்பா கார ஓட்டப் போறது நீங்கதானா?"

அவள் குரலில் இருந்த சூட்டில் அவன் சிரிப்பு நின்றது.

"ஆமாங்க... உங்களுக்கு இஷ்டமில்லையா?"

"என் இஷ்டத்த யாரு கேட்டா?"

அவன் கையிலிருந்த இரண்டு பழத்தையும் ஓரமாக வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நாலு வருஷத்துக்கு முன்னால நானும் கான்சில்தான் ஓட்டுனேன். ஸ்டார்ட் லைன்ல சக்கரத்து ஆக்ஸில் உடைஞ்சிருச்சு. அங்கிள் தன் கார்ல இருந்தத கழட்டி எனக்கு மாட்டி விட்டுட்டாரு. அன்னிக்கு நான் ஜெயிச்சேன். அவரு ஓட்டவே இல்ல... மழையில நின்னு கை தட்டுனாரு. அந்தக் கடனுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அப்பா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டிருந்தால்தானே... தாமரை சாவியை நீட்டினாள்.

அவன் காருக்குள் ஏறினான். ஏறினான் என்றா சொன்னேன்? மடங்கினான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தான். அசையவில்லை. போல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"இது அங்கிளுக்கும் பத்தாதே... அவரு தொண்ணூறு கிலோ ஆளு" என்று முணுமுணுத்தவன், இறங்கிக் குனிந்து பார்த்தான். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எடைத் தட்டு.

அதற்குள் அம்மா தேத்தண்ணி கலக்கி எடுத்து வந்தாள். "ஆன்டி, இந்த சீட்டுல அங்கிள் ஏதாச்சும் வச்சிருந்தாரா?" என்று கேட்டான் திரு.

"அத ஏன் கேக்குற தம்பி! அஞ்சு பை அரிசி. ஒவ்வொண்ணும் பத்து கிலோ. அதுக்கு மேல ரெண்டு கிலோ சீனி. பெல்ட்ட வேற மாட்டி வச்சிருந்தாரு, புள்ளைய உக்கார வச்ச மாதிரி! தைப்பூசத்துக்குப் பத்துமலையில அன்னதானம் குடுக்க வாங்கியிருப்பாருன்னு நெனச்சேன். பூச்சி வந்துரப் போவுதேன்னு எல்லாத்தையும் எடுத்து சமைச்சிட்டேன்."

திரு நிமிர்ந்தான். சீட்டைப் பார்த்தான். எடைத் தட்டுகளைப் பார்த்தான். பிறகு தாமரையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்...

"தாமரை... ஒண்ணு கேக்கலாமா? உங்க வெயிட் என்ன?"

"என்னது?!"

"வெயிட்டுங்க. எத்தன கிலோ?"

"பழக்கமாகி முழுசா ஒரு நாள் ஆகல, ஒரு பொண்ணுகிட்ட கேக்குற கேள்வியா இது?"

"நான் எழுபத்தெட்டு" என்றான் அவசரமாக, அதைச் சொன்னால் சமாதானம் ஆகிவிடுவாள் என்பதுபோல.

"உங்க வெயிட்ட இங்க யாரு கேட்டா?"

"ப்ளீஸ்... சொல்லுங்க."

விளையாட்டில்லை. அந்தக் கண்கள் பளபளத்தன. "ஐம்பத்திரண்டு" என்றாள்.

"அஞ்சு பை அரிசி ஐம்பது. சீனி ரெண்டு" என்றான் திரு. "பந்தயக் கார ஓட்டுறவங்க எடைக்கு ஏத்த மாதிரிதான் செட் பண்ணணும். நாலு தட்டு மேல நிறுத்தி, அவங்க எடைய சீட்டுல வச்சு, ஒவ்வொரு ஸ்பிரிங்கா ஏத்தி எறக்கணும். ஆளு வர முடியலன்னா அதே எடைக்கு ஏதாச்சும் வைப்போம். அங்கிள் இந்தக் கார தனக்கு செட் பண்ணல. எனக்கும் பண்ணல. உங்களுக்குப் பண்ணியிருக்காரு."

தாமரை குனிந்து காருக்குள் பார்த்தாள்.

"இந்தக் கம்பிக் கூண்டப் பாருங்க. கார் கவுந்தாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு போடுறது. வெல்டிங் புதுசு. அங்கிள் தனக்குன்னு இத போட்டுக்கிட்டதே இல்ல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி நான்... ஒரு நாள் கேட்டாருடி. 'தாமர இப்ப எத்தன கிலோ இருப்பா?'ன்னு. புள்ள மெலிஞ்சிட்டாளேன்னு கவலைப்படறாருன்னு நெனச்சு, போன மாசந்தான் கிளினிக்ல எடை பார்த்தாங்க, ஐம்பத்திரண்டுன்னு சொன்னேன். அப்புறம் ஒரு வாரம்கூட அவரு இல்லையேடி..."

தாமரை காருக்குள் உட்கார்ந்தாள். கிளட்ச் சரியாகக் காலுக்கு எட்டியது. கியர் கைக்கு வந்து நின்றது. அப்பா அவளுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்து வைத்த மாதிரி எல்லாம் பொருந்தியது. ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆறு மாதமாக அழாத அழுகை.

"என்னால முடியாது" என்றாள் கடைசியில். "எட்டு வருஷம் அவர்கிட்ட நின்னு பேசல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் கார ஓட்டுவேன்? நீங்களே ஓட்டுங்க."

"என்னாலயும் முடியாது. எழுபத்தெட்டு கிலோ உக்காந்தா அங்கிள் போட்ட செட்டிங் கெட்டுப்போயிரும்." அவன் குனிந்து நாலு சக்கரத்துக்கும் நாலு பழத்தை வைத்தான். அவளுடைய இரண்டு முன்னால், அவனுடைய இரண்டு பின்னால். "நீங்க ஓட்டாட்டி கார் இங்கயேதான் நிக்கும். இப்ப உங்க இஷ்டத்தக் கேக்குறேன். சொல்லுங்க..."

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். ஆறு மாதம் தூங்கிய இன்ஜின் உறுமி எழுந்தது பாருங்கள்... புனிதா அங்கேயே கை கூப்பிவிட்டாள்.

அடுத்த மூன்று வாரமும், சனி ஞாயிறு கோ-கார்ட் மைதானத்தில் இரண்டு பேரும் பயிற்சி. முதல் நாள் திரு ஜெயித்தான். இரண்டாம் நாள் தட்டுத் தடுமாறி ஜெயித்தான். மூன்றாம் நாளிலிருந்து ஜெயிக்கவே இல்லை.

"விட்டுக் குடுக்கறீங்களா?" என்று ஒரு நாள் சந்தேகத்தோடு கேட்டாள்.

"ஐயோ, சத்தியமா இல்ல லா! உயிரக் குடுத்து ஓட்டுறேன்." அவன் முகத்தில் தெரிந்த பரிதாபத்தைப் பார்த்துத் தாமரைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று... அவன் ஹெல்மெட்டைக் கழற்றினால் முதலில் அந்தக் கண்களைத்தான் தேடுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்துபோனது. ஆனால் வாயைத் திறந்து சொல்வாளா? கமலநாதன் மகளாயிற்றே!

பந்தய நாள். செமினிக்கு மேலே மலைப் பாதை முழுக்கக் காலையிலிருந்தே மழை. திரு தன் காரில் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு பாயிண்ட் மூன்று செகண்டில் ஏறியிருந்தான். அதுவரைக்கும் அன்றைக்கு அதுதான் முதல் இடம்.

கடைசியாக வெள்ளைக் கான்சில் கோட்டுக்கு வந்தது. கிளப் செயலாளர் சுகுமாறன் மைக்கைப் பிடித்தார். "இங்க நிக்கிற கார்ல பாதிக்கு மேல கமலநாதன் கை பட்டிருக்கு. எல்லாரையும் ஓட வச்சிட்டு, அப்புறமா நம்மள ஜெயிச்ச ஆளு அவரு" என்றவர் தாமரை பக்கம் திரும்பினார். "இது மரியாதைக்காகப் போற ஓட்டம். நேரம் பார்க்க வேணாம். மெதுவாப் போய்ட்டு வாம்மா."

தாமரை கண்ணாடியை இறக்கினாள். "கிளாக் போடுங்க அங்கிள். கிளாக் இல்லாம எங்கப்பா ஒரு நாளும் மலை ஏறினதில்ல."

கூட்டம் விசிலடித்தது. திரு நாலு எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்து சக்கரத்துக்கு வைத்தான். "வீரம்மா ஆன்டி கடையிலதான் வாங்கினேன். நாலும் எனக்கே கெடச்சிது. சண்ட போட ஆளே இல்ல... போரடிச்சுப் போச்சு."

அவள் சிரித்தபடியே ஹெல்மெட்டை மாட்டினாள். கொடி விழுந்தது. பழம் நசுங்கியது...

முதல் வளைவு. இரண்டாவது. ஈரத் தாரில் மற்ற கார்கள் வழுக்கின இடத்தில் கான்சில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. அவள் நினைத்தாள், கார் செய்தது. எட்டு வருடமாக அப்பா சொல்லாத பேச்சையெல்லாம் அந்த ஸ்பிரிங்குகள் சொல்லிக்கொண்டே வந்தன. இப்ப பிரேக்க விடும்மா... இப்ப மிதி... பயப்படாத, நான் பார்த்து வச்சிருக்கேன்... கண்ணீரா மழையா என்று தெரியாமல், கடைசி வளைவை வாயெல்லாம் சிரிப்பாகத் தாண்டினாள். "அப்பா!" என்று அவள் கத்தினது அவளுக்கே கேட்டது.

கீழே இறங்கி வந்தபோது ஒரே கூச்சல். சுகுமாறன் மைக்கில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்தொன்று பாயிண்ட் ஒன்பது செகண்ட்! அன்றைய முதல் இடம்! திருவை விடப் பாயிண்ட் நாலு செகண்ட் முன்னால்!

அம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "பார்த்தியாடி... அவரு ஒன்ன நம்புனாருடி!"

"தெரியும்மா. வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு."

கொஞ்சம் தள்ளி, மழையில் நின்று, கை தட்டிக்கொண்டிருந்தான் திரு. தோற்றவன் முகமா அது? நெற்றியில் ஒட்டிய முடி, அதே வெட்கமில்லாத சிரிப்பு... கண் மட்டும் கலங்கியிருந்தது. தாமரை நேராக அவனிடம் போனாள்.

"திரு..."

"ம்?"

"கான்சில்ல பக்கத்து சீட்டே இல்ல. எடைய கொறைக்க அப்பா கழட்டிட்டாரு."

"தெரியும்."

"திரும்ப மாட்டணும்." அவள் தலை தானாகக் குனிந்தது. "ஸ்பிரிங்கயெல்லாம் மறுபடி செட் பண்ணணும்... பக்கத்து சீட்டுல எழுபத்தெட்டு கிலோ இருக்குற மாதிரி."

அவனுக்குப் புரிய ஒரு செகண்ட் ஆனது. புரிந்ததும் அந்த முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எத்தன நாளைக்கு?" என்றான்.

"எப்பவும்."

"தாமரை... பூக்கடையிலயே சொல்லியிருப்பேன். நாலு பழத்தையும் கேட்டு நீங்க மொறச்சதுல பயந்துட்டேன்." அவள் கையைப் பிடித்தான். ஈரக் கை, ஆனால் சூடாக இருந்தது. "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. அந்த சீட்ட விட்டு எறங்கவே மாட்டேன்."

இரண்டு பேரும் கூட்டத்தை மறந்து நின்ற அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. புனிதா! எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள்.

"எழுபத்தெட்டுன்னா... ஏழு பை அரிசி, எட்டு கிலோ சீனி. நானே வாங்கிட்டு வந்து வைக்கிறேன் தம்பி. இந்தத் தடவ சத்தியமா சமைக்க மாட்டேன்."