படங்கும் வெள்ளை வேட்டியும்

புஷ்பமேரி வீட்டு நாயின் பெயர் கேப்பை. கேழ்வரகு நிறம், அதனால் அந்தப் பெயர். யாரைப் பார்த்தாலும் அதற்குப் பாசம் பொத்துக்கொண்டு வரும். பாசம் வந்தால் பாயும். பாய்ந்தால் சேறு!

மூணாறு மலையில் மழைக்காலம் என்றால் கால் வைக்கும் இடமெல்லாம் சேறுதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிய அப்பா சிலுவைராஜின் வெள்ளை வேட்டியில் கேப்பை முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டது. மாற்று வேட்டி இல்லை. பாவம் அப்பா, ஜெபப் புத்தகத்தால் தொடையை மறைத்துக்கொண்டே பூசை முழுக்க நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"அடுத்த ஞாயிறு சாமியார் நம்ம லயத்து வீடுகள மந்திரிக்க வாறாரு. அவரு வெள்ளை அங்கியில இது பாஞ்சுச்சுன்னா, மறுநாளே தேயிலை லாரியில ஏத்தி, மலைக்குக் கீழ போடிக்கு அனுப்பிருவேன்!"

"வேண்டாம்ப்பா!"

"அப்ப ஒழுங்கா இருக்கச் சொல்லு."

புஷ்பமேரி கேப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். குட்டியிலிருந்தே அது அவள் மடியில் வளர்ந்தது. அதன் காதைப் பிடித்து, "பாயக் கூடாது, தெரியுதா?" என்றாள். கேப்பை அவள் மூக்கை நக்கியது.

மறுநாள் சாயங்காலம் அம்மா சிசிலி கொழுந்து எடுத்துவிட்டு வந்தாள். தேயிலைச் செடி குத்தாமல் இருக்க இடுப்பில் கட்டும் படங்கு, அந்த முரட்டுச் சாக்கு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கேப்பை ஓடிப்போய் அதன்மேல் பாய்ந்தது.

"வாடா என் ராசா!" அம்மா சிரித்தபடி அதன் தலையைத் தடவினாள். தூக்குச்சட்டியில் மிச்சம் வைத்திருந்த ரொட்டியையும் கொடுத்தாள்.

புஷ்பமேரிக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது.

"அம்மா! நீதான் அதுக்குப் பாயச் சொல்லிக் குடுக்குற!"

"நானா? இது வெறும் படங்குதானடி. அழுக்கானா என்ன?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். கேப்பைக்குத் தெரியுமா? படங்குல பாஞ்சா ரொட்டி, வேட்டியில பாஞ்சா திட்டு. அது என்னம்மா செய்யும்?"

அம்மா தூக்குச்சட்டியை மூடி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அன்றே வீட்டில் புதுச் சட்டம் வந்தது. கேப்பை பாய்ந்தால் யாரும் திட்டக் கூடாது, தொடவும் கூடாது. முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட வேண்டும். அது தரையில் உட்கார்ந்தால்தான் தடவலும் ரொட்டியும்.

கேப்பை சீக்கிரமே கற்றுக்கொண்டது. அம்மாவுக்குத்தான் பாடம் ஏறவில்லை. ஆடும் வாலைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிடும்.

"அம்மா! திரும்பி நில்லு!"

அம்மா படங்கோடு சுவரைப் பார்த்து நின்றாள். பக்கத்து வீட்டு ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சிசிலி, வீட்டுப்பாடம் எழுதலையா? உம் மக இப்படி நிக்க வச்சிருக்கா?"

"சும்மா போங்கக்கா. நாய் பாஸாயிருச்சு, நான்தான் பெயிலு."

அப்பா மட்டும் இதில் சேரவில்லை. "நாய்க்குப் பள்ளிக்கூடமா!" என்று சிரித்தார். லாரிப் பேச்சையும் விடவில்லை.

ஞாயிறு வந்தது. அப்பா கேப்பையை வீட்டுக்குப் பின்னால் கட்டிப் போட்டார். கேப்பைக்குக் கயிறும் ஒரு தீனிதான். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த நேரம், கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயோ!" என்று அப்பா அலறினார். போடி லாரி புஷ்பமேரியின் கண்முன் வந்து நின்றது.

ஓடி வந்த வேகத்தில் கேப்பை சேற்றில் சறுக்கி, அங்கிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சாமியாரை அண்ணாந்து பார்த்தது. பிறகு பொத்தென்று உட்கார்ந்து, ரொட்டிக்காக வாயைத் திறந்தது.

"அடடே, மரியாதை தெரிஞ்ச பிள்ளையா இருக்கே!" சாமியார் குனிந்து தலையைத் தடவினார். தீர்த்தமும் கொஞ்சம் தெளித்தார். அங்கியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொடையைத் தட்டி, "வாடா என் சிங்கக்குட்டி! உன்னையா நான் லாரியில ஏத்துவேன்?" என்று கூப்பிட்டார்.

இப்படிக் கூப்பிட்டால் எந்த நாய் சும்மா இருக்கும்? ஒரே பாய்ச்சல்! வெள்ளை வேட்டியில் மறுபடியும் இரண்டு சேற்றுக் கால்கள்.

அப்பா திருதிருவென்று விழித்தார்.

"அப்பா," என்றாள் புஷ்பமேரி, "திரும்பி நில்லுங்க!"

சிலுவைராஜ் நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.